மரச்சீனி நட்ட மூலை

மாமனாரைக் காணவில்லை. செத்து ஆறு வருஷமான மனிதரைக் காணவில்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கால் கழுவப் பின்பக்கம் போன ஷீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல், அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன ஓணத்துக்கு வந்தபோது அங்கே முட்டளவு உயரத்தில் சிமென்ட் கல்லறை இருந்தது. மேலே நீல டைல்ஸ், தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு சின்ன மாடம். செங்கல் என்கிற ஊருக்கும் பாறசாலைக்கும் நடுவே இந்தப் பக்கத்தில் பலருக்கும் சொந்த மண்ணில்தான் அடக்கம். இருப்பது அஞ்சு சென்ட்தான் என்றாலும் அதில் ஒரு மூலை செத்தவருக்கு. மாமனார் பொன்னப்பனுக்கும் அப்படித்தான் வடமேற்கு மூலையை ஒதுக்கினார்கள். இப்போது அந்த இடத்தில் நெஞ்சளவு வளர்ந்த மரச்சீனி என்கிற மரவள்ளிச் செடிகள் வரிசையாக நின்று கர்க்கடக மாசத்து மழையில் ஆடிக்கொண்டிருந்தன.

“மாமி, இஞ்ச இருந்த...” என்று ஆரம்பித்தாள்.

மாமியார் ஷ்யாமளா அடுக்களை வாசலில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. “கல்லறைதானே? பொளிச்சு மாத்தியாச்சு.”

“ஆரு பொளிச்சா?”

“வேற ஆரு, நான்தான். கூலிக்கு ஆளு விளிச்சா ஊரு மொத்தமும் அறியும்லியா? கடப்பாரையை எடுத்து மூணு நாளு இருந்து ஒடைச்சேன். டைல்ஸ் நல்லதாக்கும் கேட்டியா, ஒடையமாட்டேன்னு ஒரே வாசி. சல்லியை வாரி வழியில போட்டு, மண்ணை நெரப்பி, மரச்சீனிக் கம்பு நட்டேன். பங்குனியில நட்டது, நல்லா பிடிச்சிருக்கு.”

“அப்பம் மாமா?”

“அவரு எங்க போவாரு? அங்கனதான் கெடக்காரு. மேல உள்ள சிமென்ட்டுதான் போச்சு.” மீனைப் புரட்டிப் போட்டாள். “வெள்ளத்தை அடை மோளே, வாளி நெறஞ்சு போவுது.”

இந்த மனுஷியைப் பற்றி ஷீனாவுக்கு இத்தனை வருஷமாக ஒரு கணக்கு இருந்தது. வீடு விற்கிற பேச்சு எடுத்தால் மாமி அழுது ஆகாத்தியம் பண்ணுவாள், புருஷன் கிடக்கிற மண் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று பயந்துதான் கணவன் சஜியைவிட்டுப் பேச வைத்தாள். ஷ்யாமளாவோ, “விக்கலாம், என்ன இப்பம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதோடு நிற்காமல் கடப்பாரையும் எடுத்திருக்கிறாள்.

விற்காமல் வேறு வழி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பெங்களூருக்குப் போன இத்தனை வருஷத்தில் நாலு வீடு மாறியாகிவிட்டது. ஒவ்வொரு ஓனருக்கும் ஒரு காரணம். ஒருத்தனுடைய மகனுக்குக் கல்யாணம், இன்னொருத்திக்கு மீன் வாசம் ஆகாது. மூன்றாவது ஆள் வருஷம் பிறக்கும்போதெல்லாம் வாடகையை ஏற்றி, கொடுக்க முடியாவிட்டால் ஆளிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வான். சஜி டாக்சி ஓட்டுகிறான், ஷீனா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இரண்டு சம்பளத்தில் ஒன்று முழுசாக வாடகைக்கே போய்விடும். மிச்சத்தில் மகன் அகிலின் பள்ளிக்கூடம், காஸ், டீசல். கடைசியில், பஸ் போய்த் திரும்புகிற எல்லையையும் தாண்டி ஒரு பழைய பிளாட் விலைக்கு வந்தது. ஒரு பெட்ரூம், அதை ஒட்டி ஜன்னலில்லாத ஒரு ஸ்டோர் ரூம். அந்த ஸ்டோர் ரூம்தான் ஷ்யாமளாவுக்கு என்று பேசிவைத்திருந்தார்கள். பாங்கு கடன் தரும். ஆனால் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கை மாசக் கடைசிக்குள் கட்டியாகவேண்டும், இல்லாவிட்டால் முன்பணமும் போகும், பிளாட்டும் போகும். ஆகாத மாசமான கர்க்கடகத்தில் யாராவது பத்திரம் எழுதுவார்களா என்று ஊர் கேட்டது. பெங்களூருக்குக் கர்க்கடகம் தெரியாதே.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இலை நிறைய வேகவைத்த மரச்சீனியும் சாளைக் கறியும் வந்தது. ஷீனாவின் கை அந்தரத்தில் நின்றது.

ஷ்யாமளா அதைப் பார்த்துவிட்டாள். “தின்னு. சந்தையில வாங்கினதாக்கும். அங்கன நிக்கியது இன்னும் கெழங்கு வைக்கல்ல.”

சஜி குனிந்து வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தான். பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிற நாட்களில் அவன் அப்படித்தான் சாப்பிடுவான்.

“நீ அறிஞ்சிருந்தியா?” என்று ஷீனா கேட்டாள்.

“அம்மா சொன்னா.”

“எனக்கிட்ட சொல்லல்ல.”

“சொன்னா நீ என்ன செய்வ? வேண்டாம்னுதானே சொல்லுவ?” சஜி நிமிர்ந்தான். “ரெண்டு கூட்டரு வந்தாவ. ரெண்டு கூட்டரும் கல்லறையைக் கண்டதும் வந்த வழியே போனாவ. அதுல ஒருத்தன் பாதி விலைக்குத் தாறியான்னு கேட்டான். பாதி விலைய வச்சு அங்க ஒரு கார் நிறுத்த எடம்கூட கிட்டாது ஷீனா.”

“வாங்குதவங்க பின்ன அறிஞ்சா?”

“எப்பிடி அறிவாவ?” என்று ஷ்யாமளா குழம்பை ஊற்றினாள். “பூவாறு பக்கத்து ஆளுகளு. கடப்புறத்துக்காரங்க, சர்ச்சுச் சிமித்தேரியில அடக்குதவங்க. வீட்டு முற்றத்துல ஆளு கெடக்கும்னு அவங்களுக்கு ஓர்மையே வராது. அக்கம்பக்கத்துல ஆரும் வாய் தொறக்கமாட்டாவ, அவங்களுக்கும் நாளைக்கு விக்கணும்லியா? ராஜையாவுக்குத் தெரியும். அவனுக்குக் கமிஷன் வேணும், அவன் செத்தாலும் சொல்லமாட்டான்.”

ராஜையா நிலத் தரகன். அவன் அந்த நேரம் பார்த்துப் போன் பண்ணினான். மூன்று மணிக்கு வருகிறார்களாம், நாளைக்குப் பத்திரம், எல்லாம் சரி, ஒரே ஒரு சின்ன விஷயம் என்றான். சஜி ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

“வாங்குத அந்த நார்பர்ட்டுக்கு ஒரு சம்சயம் தம்பி. இஞ்சோட்டு பாறை ஜாஸ்தின்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். வீட்டைப் பொளிச்சுப் புதுசு கெட்டும்ப செப்டிக் டேங்கு தோண்ட ஒக்குமான்னு நோக்கணுமாம். மம்பட்டியோட வாறான்.”

சஜி போனைக் கவிழ்த்துவைத்தான். கூரை ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“தோண்டட்டு,” என்றாள் ஷ்யாமளா கடைசியில். “ரெண்டடி தோண்டிப் பாப்பான், பாறை இல்லேன்னா போவான். இவரு ஆறடியில கெடக்காரு.”

“வீடு கெட்டும்ப ரெண்டடியா மாமி தோண்டுவாவ?” ஷீனாவின் குரல் அவளையும் மீறி உயர்ந்தது. “கக்கூஸ் குழி எட்டடி போவும். அப்பம்?”

“அப்பம் நாம பெங்களூருல இருப்போம்.”

ஷ்யாமளா இதை வீம்புக்குச் சொல்லவில்லை. அவள் கல்நெஞ்சுக்காரியும் இல்லை. புருஷன் கிடையில் விழுந்த காலம் முழுக்க அவரைத் தூக்கி, கழுவி, ஊட்டி, ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் பார்த்தவள். பொன்னப்பன் பெயின்டர். தினமும் காலைப் பாசஞ்சரில் திருவனந்தபுரம் போய், கயிற்றில் தொங்கிக்கொண்டு மாடி மாடியாகப் பிளாட்டுகளுக்கு வெள்ளை அடித்துவிட்டு, இருட்டினபிறகு வருவார். அத்தனை வீட்டுக்கு நிறம் கொடுத்த மனுஷன் சொந்தமாகச் சம்பாதித்தது இந்த அஞ்சு சென்ட்தான். அது மகனுக்கு உதவவேண்டும் என்றுதான் அவரும் நினைத்திருப்பார் என்பது ஷ்யாமளாவின் கட்சி. இலையை மடக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“செத்தவருக்கு எங்கயும் கெடக்கலாம் மோளே. மழை வந்தா நனைவாருன்னா, வாடகை கேப்பாவன்னா? எனக்க கொச்சுமோன் அகிலுக்குத்தான் கூரை வேணும். நீ வாயை மூடிக்கிட்டு இரி, அது போதும்.”

மூன்று மணிக்கு மழை வெறித்தது. அவர்களும் வந்தார்கள். ராஜையா வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் நார்பர்ட், வெயிலில் கறுத்த உடம்பு, தோளில் மண்வெட்டி. கடல் வேலையை விட்டுவிட்டு இப்போது திருவனந்தபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மனைவி ரெஜிஷா துணிக்கடையில் பில் போடுகிறவள். வேலைக்கு உடுத்துகிற சேலையிலேயே வந்திருந்தாள், கழுத்தில் ஒரு கறுப்புச் சரடில் சிலுவை. தங்கம் எங்கே போயிருக்கும் என்று ஷீனாவுக்குக் கேட்காமலே தெரிந்தது.

நார்பர்ட் முன்பக்கம் கிணற்றுக்கு அந்தண்டை முதலில் வெட்டினான். நாலாவது வெட்டில் டங்கென்று சத்தம். கொஞ்சம் தள்ளி வெட்டினான், அங்கேயும் பாறை.

“இது சரியாவாதே,” என்றான். “இஞ்ச பாறை, கெணறும் பக்கத்துல. கெணத்துலேருந்து தள்ளித்தானே குழி எடுக்கணும்?” நாலு பக்கமும் பார்த்துவிட்டு நேராகக் கையை நீட்டினான். “அந்த மூலைதான் நல்லது. மரச்சீனி நிக்கிய எடம். மண்ணு நல்ல எளக்கமா இருக்கும்போல இருக்கே, செடியைக் கண்டியா, என்னா வளர்த்தி!”

ராஜையா இருமினான். சஜிக்கு அந்த நொடியில் அவசரமாக ஒரு போன் வந்தது. வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டான்.

“அது பிஞ்சாக்கும், பறிக்காதீங்க தம்பி,” என்று ஷ்யாமளா சாதாரணமாகச் சொன்னாள். “முதல்ல ஒரு கட்டன்சாயா குடியுங்க. மழையில வந்திருக்கீங்க.”

“குடிக்கலாம் அம்மச்சி. நீங்க போடுங்க, நான் அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூடு செடியை மட்டும் மாத்தி நோக்குதேன்.”

ஷ்யாமளா அடுக்களைக்குள் போகும்போது ஷீனாவை உரசிக்கொண்டு போனாள். அந்த உரசலில் எல்லாம் இருந்தது.

ரெஜிஷா துணி துவைக்கிற கல்லில் வந்து சாய்ந்து நின்றாள். வீட்டை, தென்னையை, ஈரச் சுவரை எல்லாம் ஆசையோடு பார்த்தாள். “சேச்சி, பாறசாலை ஸ்டேஷனுக்கு எத்தற நேரம் ஆவும் நடந்தா?”

“அரை மணிக்கூறு. ஆட்டோ கிட்டும்.”

“நடக்கலாம். காலத்த பாசஞ்சர் பிடிச்சா கடை தொறக்கும்ப போயிரலாம். நிக்கவாவது எடம் இருக்குமா வண்டியில?”

“பெண்ணுங்க கம்பார்ட்மென்டுல நிக்கலாம். நெய்யாற்றின்கரை வந்தா அதுக்கும் எடமில்ல.”

“அது பரவாயில்ல. இப்பம் இருக்கிய வீட்டுல படுக்கியதே ஒருச்சரிஞ்சுதான்.” ரெஜிஷா சிரித்தாள். “ஒரே ஒரு முறி சேச்சி. நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பிள்ளைகளும் எனக்க அம்மையும். அம்மை ராத்திரி எழும்பினா எல்லாரும் எழும்பணும். அதுக்கே வாடகை கேட்டா தல சுத்தும். மீன் பொரிக்கப் பிடாதுன்னு ஹவுஸ் ஓனரு. கடப்புறத்துல பெறந்தவள்ட்ட மீன் பொரிக்காதேன்னா?”

“எங்க ஓனரும் அப்பிடித்தான்,” என்றாள் ஷீனா தன்னையறியாமல். “சன்னலை அடைச்சுப்போட்டு, பத்தி கொளுத்தி வச்சுட்டுத்தான் பொரிப்பேன்.”

“நாங்களும்! சாம்பிராணி!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஷீனாவுக்குச் சிரிப்பு பாதியில் செத்தது. இவள் வேறு யாரோ இல்லை. பெங்களூரிலிருந்து ஒருத்தி இங்கே விற்க வந்திருக்கிறாள், திருவனந்தபுரத்திலிருந்து ஒருத்தி இங்கே வாங்க வந்திருக்கிறாள். இரண்டு பேரையும் விரட்டியது ஒன்றுதான். நகரத்தில் ஒதுங்க ஒரு மூலை கிடைக்காதவள், இங்கே வந்து கேட்பதும் ஒரு மூலைதான். அதைத்தான் மாமி மரச்சீனி நட்டு மறைத்துவைத்திருக்கிறாள்.

நார்பர்ட் முதல் செடியைப் பிடித்து இழுத்தான். மழையில் நனைந்த மண், செடி வழுக்கிக்கொண்டு வந்தது. விரல் தடிமனில் நாலு வெள்ளை வேர்கள். அதைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு அடுத்த செடியில் கைவைத்தான்.

“அந்த மூலையில குழி எடுத்தா,” ரெஜிஷா சொல்லிக்கொண்டே போனாள், “இந்தச் சைடுல அம்மைக்கு ஒரு முறி கெட்டலாம். குழியைக் கெட்டி மேல சிலாப் போட்டா, அது மேலயே அம்மை துணி காயப்போட்டுக்கலாம். இல்லியா சேச்சி?”

அடுக்களை ஜன்னலில் ஷ்யாமளாவின் முகம் தெரிந்தது. சாயா கொதித்து வழிகிற மணம் வந்தது, ஆனால் அவள் அடுப்பைப் பார்க்கவில்லை. ஷீனா அந்த முகத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“ரெஜிஷா,” என்றாள் தாழ்ந்த குரலில். “அங்க குழி எடுக்கப் பிடாது.”

“ஏன்? பாறையா?”

“ஆளு கெடக்காரு.”

ரெஜிஷாவுக்கு விளங்கவில்லை.

“சஜிக்க அப்பா. எனக்க மாமா. செத்து ஆறு வருஷமாச்சு. இஞ்ச எங்களுக்கு வீட்டு மண்ணுலதான் அடக்கம். மேல கல்லறை இருந்துது, பொளிச்சு மாத்திட்டு மரச்சீனி நட்டிருக்கு.”

சொல்லியாகிவிட்டது. பிளாட்டின் சாவி, பெட்ரூம் ஜன்னல் வழியே தெரிந்த வேப்பமரம், சுவரில் எந்த இடத்தில் அகிலின் மேசை என்று அளந்துவைத்தது எல்லாம் ஒன்றாகக் கையிலிருந்து நழுவியது. நழுவட்டும் என்றும் தோன்றவில்லை. ஐயோ என்றுதான் தோன்றியது.

ரெஜிஷாவின் கை சிலுவைக்குப் போய் அங்கேயே நின்றது. நார்பர்ட் மூன்றாவது செடியைப் பிடுங்கிவிட்டு மண்வெட்டியை எடுத்தான். முதல் வெட்டு மெத்தென்று இறங்கியது.

“எதுல செத்தாரு?” என்றாள் ரெஜிஷா.

“மஞ்சக்காமாலை.”

“வேற ஒண்ணும் இல்லியே? துர்மரணம் ஒண்ணும்...”

“இல்ல. பாவம் மனுஷன்.”

“நாளைக்குப் பத்திரம். இப்பம் எதுக்கு எனக்கிட்ட சொல்லுதீங்க?” அவள் கண்ணில் கோபம் ஏறியிருந்தது. “சொல்லாட்டா நான் அறியமாட்டேனே. பின்ன எதுக்கு?”

“நாங்க இப்பம் இருக்கிய வீடு,” என்றாள் ஷீனா, “ஒரு கெழவரு செத்து, ஆரும் அறியாம ரெண்டு மூணு நாளு கெடந்த வீடாக்கும். எங்ககிட்ட ஓனரு சொல்லல்ல. குடியேறி மாசம் ஆறு கழிஞ்ச பெறவு அடுத்த வீட்டுக்காரி சொன்னா. எனக்க கட்டிலு கெடக்கிய அதே எடத்துல. அந்த ஆறு மாசமும் நான் அங்க கெடந்து உறங்கினதை நெனச்சா இப்பளும் ராத்திரி முழிச்சுக் கெடப்பேன். அதனால சொன்னேன்.”

“அறிஞ்ச பெறவு வீடு மாறினீங்களா?”

ஷீனா இதை எதிர்பார்க்கவில்லை. “இல்ல.”

“ஏன்?”

“அந்த வாடகைக்கு வேற எங்க கிட்டும்?”

ரெஜிஷா மெல்லத் தலையசைத்தாள். நார்பர்ட்டின் மண்வெட்டி விழுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்த பயம் அடங்கி, துணிக்கடையில் பில்லைச் சரிபார்க்கிறவளுடைய முகம் வந்தது.

“எத்தற கொறைப்பீங்க?”

“என்னது?”

“வெலையை. எத்தற கொறைப்பீங்க சேச்சி? ஆளு கெடக்கிய எடத்துக்கு முழு வெலை தரமுடியாதே.”

ஒன்று இவள் அலறிக்கொண்டு ஓடுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்திருந்தாள். தன் நிலைமையில் இருக்கிற ஒருத்தி என்ன கேட்பாள் என்று தன்னைத்தானே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

“எனக்க வீட்டுக்காரரு அறியப் பிடாது,” ரெஜிஷா அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் வேகமாகச் சொன்னாள். “அறிஞ்சா இஞ்ச காலு குத்தமாட்டாரு. நடுக்கடலுல போவாரு, இதுக்குப் பயப்படுவாரு. அம்மையும் அறியப் பிடாது.” பிறகு திரும்பி ஒரே சத்தம் போட்டாள். “எந்தா மனுஷா இது! அடுக்களைக்க மூக்குக்கு நேரயா கக்கூஸ் குழி எடுக்கப் போறீங்க? காத்து இந்தச் சைடுலேருந்துதான் வருது, பிள்ளைக சோறு தின்னண்டாமா? மூடுங்க, மூடுங்க!”

நார்பர்ட் முழங்கால் ஆழக் குழிக்குள் நின்றபடி நிமிர்ந்தான். “இஞ்ச மண்ணு நல்லதா இருக்குடீ. வெண்ணெய் மாதிரி இறங்குது.”

“மண்ணு நல்லதா இருந்தா மரச்சீனி நிக்கட்டு. வழியோரத்துல பாறை ஒடைச்சு எடுக்கலாம். அதுக்கு உள்ள செலவை இவங்க வெலையில கொறைக்கட்டு.”

நார்பர்ட் மண்ணைத் தள்ளி மூடினான். பிடுங்கிய செடிகளைத் திரும்ப ஊன்றி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினான். ஷீனா கண்ணை எடுத்துக்கொண்டாள்.

முன்பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டே விலை பேசினார்கள். பேசியது முழுக்க ரெஜிஷாதான். பாறையைச் சொன்னாள், கிணற்றுத் தூரத்தைச் சொன்னாள், வண்டி வராத வழியைச் சொன்னாள். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்டாள். கேட்கும்போது ஷீனாவைப் பார்க்கவில்லை, ஷ்யாமளாவை நேருக்கு நேர் பார்த்தாள். நார்பர்ட் தன் பெண்டாட்டியின் சாமர்த்தியத்தில் மயங்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

“நேத்து வரை ஒரு வெலை, இன்னைக்கு ஒரு வெலையா?” என்று சஜி துள்ளினான். “பாறை எங்கதான் இல்ல? ராஜையாண்ணா, நீங்க பறையுங்க!”

ராஜையா வாயைத் திறக்குமுன் ஷ்யாமளா கையைத் தூக்கினாள். அவள் ரெஜிஷாவைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். ஷீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், ஷ்யாமளாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி ரெஜிஷா போய் வெளியே சொன்னால் இந்த விலைக்கும் ஆள் வராது.

“செரி,” என்றாள். “நாளைக்கு நான் வந்து ஒப்பு போடுதேன்.”

“அம்மே!”

“மிண்டாதே எலே. வஸ்துவும் வீடும் எனக்க பேருல.”

அவர்கள் கிளம்பும்போது மறுபடி தூற ஆரம்பித்தது. ரெஜிஷா படலையடியில் பின்தங்கி நின்று ஷீனாவின் கையைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது.

“சேச்சி, ஒரு காரியம். போவும்ப பழைய பாசத்துல விளக்கு ஒண்ணும் வச்சுட்டுப் போவாதீங்க. மரச்சீனியையும் பறிக்கண்டாம். அது கெழங்கு வச்சா நான் பறிச்சுக் களஞ்சுட்டு வேற கம்பு நடுவேன். எப்பளும் அங்கன மரச்சீனிதான் நிக்கும்.” கொஞ்சம் தயங்கினாள். “அவரு கெடக்கட்டு. நான் தோண்டமாட்டேன், தோண்ட விடவும் மாட்டேன். ஆனா அங்கன ஆரும் இல்லேன்னுதான் எனக்க வீட்டுல உள்ளவங்க நெனைக்கணும்.”

ஷீனா தலையாட்டினாள். உண்மையைச் சொன்னதில் பொன்னப்பனுக்குக் கிடைத்த நியாயம் அவ்வளவுதான். முன்பு ஒரு வீட்டார் மறைத்தார்கள், இனிமேல் இன்னொரு வீட்டார் மறைப்பார்கள்.

சஜி ரோட்டோரம் குடையில்லாமல் நின்று, பெங்களூரில் பிளாட் விற்கிறவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். பாதி கன்னடம், பாதி இந்தி. ஒரு மாசம் தவணை தாருங்கள் சார் என்று கெஞ்சுவது கேட்டது. பிறகு கெஞ்சலும் நின்றது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஷீனாவைத் தாண்டிப் போகும்போது, “போச்சு” என்றான். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுக்களையில் ஷ்யாமளா சாயா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஷீனா பக்கத்தில் போய் நின்றாள். கழுவிய டம்ளரை வாங்கிக் கவிழ்க்கக் கையை நீட்டினாள். ஷ்யாமளா கொடுக்கவில்லை.

“நீ சொல்லாட்டா கடைசியில நானே சொல்லியிருப்பேன்னு நெனைக்காத,” என்றாள். “சொல்லியிருக்கமாட்டேன். அவன் எட்டடி தோண்டி எலும்பை வாரி வெளிய போட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன். எனக்க கையாலதான் நான் அதை ஒடைச்சேன். ஒடைக்கும்ப நான் அழாம ஒடைச்சேன்னு நெனைச்சியா?”

“மாமி...”

“அந்தப் பிளாட்டு போச்சு, இல்லியா?”

“போச்சு.”

“அப்பம் திரும்ப வாடகை வீடுதான்.”

“ஆமா. இந்தப் பைசா கையில இருந்தா ரெண்டு மூணு வருஷத்துக்கு வாடகை முட்டாது. அதுக்குள்ள வேற ஏதாவது...”

“அது கெடக்கட்டு.” ஷ்யாமளா கடைசி டம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். நாளை ஒப்பு போட்டால் அவளுக்கு இந்த வீடும் இல்லை. “நீங்க இப்பம் இருக்கிய அந்த ஒத்தை முறியில எனக்குக் கெடக்க எடம் உண்டுமா?”

“உண்டு மாமி, எப்பிடியாவது...”

“எப்பிடியாவதுன்னு சொல்லாதே. உள்ளதைச் சொல்லுதவள்லியா நீ? அசலூருக்காரிக்கிட்ட சொன்னியே, எனக்கிட்டயும் சொல்லு. எடம் உண்டுமா?”

ஷீனா அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். கட்டில், பீரோ, அகில் படுக்கிற பாய், பாய்க்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு ஆள் குறுக்கே நடக்கிற இடைவெளி. அதில் ஒரு பக்கெட்.

“இல்ல மாமி,” என்றாள்.

ஷ்யாமளா பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, தூசியைத் தட்டினாள்.

“இல்லேன்னாலும் நான் வருவேன்,” என்றாள். “வேற எங்க போவேன்?”